யாரும் கூப்பிடாத பந்து

மார்ச் 25, செவ்வாய்

இன்று முன்னூற்றுப் பத்து விரிப்புகள். எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எண்ணினால் மதியம் சீக்கிரம் வருகிறது. விரிப்பின் அந்த முனையில் மடிப்பு அக்கா, இந்த முனையில் நான். இழுத்து, உதறி, பாதியாக்கி, நடந்து போய் அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். ஆஸ்பத்திரித் துணி அறையில் ஒரு நாளைக்கு இப்படி எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று தெரியாது.

வேலை முடிந்து வரும்போது செருப்புக் கடை வாசலில் நெட்டை பிடித்துக்கொண்டாள். பள்ளியில் எங்கள் வாலிபால் அணியிலேயே உயரமானவள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம்.

"நில்லுடி. ரெண்டு வருஷமா ரோட்டுக்கு அந்தப் பக்கமாவே போறியே, இந்தப் பக்கம் என்ன முள்ளா போட்டு வெச்சிருக்கு?"

நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

"மே பத்து, சனிக்கிழமை. பழைய மாணவிகள் மேட்ச். ஜியாகிரபி மிஸ் உன்னைக் கேட்டாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க."

"நான் படிச்சு முடிக்கலையே. நான் எப்படிப் பழைய மாணவி?"

"அப்ப நீ என்ன, புது மாணவியா?"

கேப்டன் வருவாளா என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அவ கால் இருக்கிற நிலைமைக்கு எங்க ஆடுறது? உட்கார்ந்து பார்க்க வருவா" என்றாள்.

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. அது நெட்டைக்குத் தெரியாது.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவின் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா தூங்குகிறாள். மூன்று நாளாக மனம் மைதானத்தையே சுற்றுகிறது. எழுதிவிட்டால் போய்விடுமா என்று பார்க்கிறேன்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது விளையாட்டு ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அணியை யார் பார்ப்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்ததாம். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர் ஜியாகிரபி மிஸ். வாலிபால் அவர் தலையில் விழுந்தது. இதை அவரே எங்களிடம் சொன்னார். "அன்னைக்கு பஸ் கிடைச்சிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க."

அவருக்கு விளையாட்டே தெரியாது. விதிமுறைப் புத்தகத்துக்கு அட்டை போட்டு எடுத்து வருவார். நாங்கள் பந்து அடிப்போம், அவர் பக்கம் புரட்டுவார். "பொறுங்க பொறுங்க, இப்ப வலையில பட்டுச்சே, அது தப்பா இல்லையா? நாப்பத்தி மூணாம் பக்கம்." இடம் சொல்வதெல்லாம் திசையில்தான். "நீ வடக்கே போ. நீ தென்மேற்கு." முதல் செட்டில் ஒரு குழப்பமும் இல்லை. இரண்டாவது செட்டுக்குப் பக்கம் மாறியதும் மொத்தமும் தலைகீழ். நெட்டை கேட்டாள், "மிஸ், நாங்க மாறினா திசையும் மாறணுமா?" மிஸ் உண்மையிலேயே யோசித்துவிட்டு, "பூமி அப்படியேதான் இருக்கு. நீங்க மாறிக்குங்க" என்றார். அந்த செட்டில் ஒரே மூலையில் நான்கு பேர் நின்றோம்.

முதல் நாள் என்னைத் தென்மேற்கில் நிறுத்தினார். ஆட்டத்தில் எல்லோரும் சுற்றிச் சுற்றி இடம் மாறுவோம். ஆனாலும் "தென்மேற்கு" என்ற பெயர் என்னோடு ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பந்து எடுக்க வரும். சொல்லக் கூடாது, ஆனால் நன்றாகவே வரும். கத்தத்தான் வராது. இரண்டு பேருக்கு நடுவில் பந்து வந்தால் எடுக்கப் போகிறவள் "எனக்கு!" என்று கத்த வேண்டும். இல்லையென்றால் மோதிக்கொள்வோம். எனக்கு வாய் திறக்கும், சத்தம் வராது. மிஸ் மூன்று நாள் என்னைச் சுவரைப் பார்த்துக் கத்தச் சொன்னார். சுவருக்குக் கேட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற மிஸ்ஸுக்குக் கேட்கவில்லை.

நான்காவது நாள் எல்லோரையும் கூப்பிட்டார். "இவ கத்த வேண்டாம். நீங்க அஞ்சு பேரும் கத்துங்க. யாரும் கூப்பிடாத பந்து இவளோடது."

கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப நாங்க தொண்டை கிழியக் கத்தணும், இவ ராணி மாதிரி சும்மா இருப்பாளா மிஸ்?"

"ஆமா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் அணியில் அமைதி என்றால் நான். பந்து மேலே போகும். ஒரு நொடி காது கொடுப்பேன். யாரும் கூப்பிடவில்லையா, ஓடுவேன். மற்ற அணிகளுக்கு ஒன்றும் புரியாது. ஏழு மேட்ச் தொடர்ந்து ஜெயித்தோம். வீட்டில், வகுப்பில், கடையில், எங்கே போனாலும் "ஏன் இந்தப் பொண்ணு பேசவே மாட்டேங்குது" என்பார்கள். அந்த மைதானத்தில் மட்டும் ஐந்து பேர் எனக்காக வாயை மூடி வழிவிட்டார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மீதியையும் எழுதிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு, ஜனவரி, இறுதி மேட்ச். கடைசி செட். பதின்மூன்று பன்னிரண்டு. பந்து உயரமாக எனக்கும் கேப்டனுக்கும் நடுவில் வந்தது. சுற்றிலும் ஒரே கூச்சல். ஆனால் எங்கள் ஐந்து பேர் குரலும் எந்தக் கூச்சலிலும் எனக்குத் தனியாகக் கேட்கும். காது கொடுத்தேன். ஒன்றும் இல்லை. என்னுடையது. போனேன்.

கேப்டனும் வந்தாள். என் தோள் அவள் முழங்காலில். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

மூன்றாம் நாள் எச்.எம். ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் விசாரித்துவிட்டு வந்தார். மிஸ்ஸையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு 'எனக்கு'ன்னு கத்தியிருக்கா. இவ காதுல வாங்காம மேல போய் விழுந்திருக்கா. வாயே திறக்காத பிள்ளையை வெச்சு வாலிபாலா மிஸ்? இது விளையாட்டா, ஊமைக் கூத்தா?" அதோடு மிஸ்ஸிடமிருந்து அணியை எடுத்துவிட்டார்கள். வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அணியே இல்லாமல் போனது.

வெளியே வந்ததும் மிஸ் கேட்டார். "அவ கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"தெரியல மிஸ்" என்றேன்.

கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கேப்டன் கத்தினேன் என்கிறாள். கேப்டன் பொய் சொல்ல மாட்டாள். அப்படியென்றால் என் காதுதானே? அதனால் "தெரியல". மிஸ்ஸுக்காகவாவது "கேட்கல" என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் ஒன்றில்லை.

ஏப்ரல் 2, புதன்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. அப்போதுதான் துணி அறையில் வேலை பார்த்த அம்மாவுக்குத் தோள் தூக்க முடியாமல் போனது. அம்மாவின் இடத்துக்கு நான் வரலாம் என்று மேற்பார்வை அம்மா சொல்லியிருந்தார். அம்மா தெளிவாகத்தான் சொன்னாள்: "ரெண்டு மாசம் பொறு. பரீட்சையை எழுதிட்டு வா. அதுவரைக்கும் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்." நான்தான் மறுநாளே போகிறேன் என்று நின்றேன். அம்மாவுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன்.

வகுப்பில் அவளுடைய காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அதுதான்.

ஏப்ரல் 7, திங்கள்

துணி வண்டியில் வார்டுப் பட்டியலைச் செருகிவிட்டுப் போனார்கள். இரண்டாவது மாடி, எலும்பு வார்டு, பதினான்காம் படுக்கை. கேப்டனின் பெயர். வயது பதினேழு. வலது முழங்கால், இரண்டாவது ஆபரேஷன்.

மடிப்பு அக்காவிடம், "நாம மாடி மாத்திக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கு ரெண்டாவது மாடின்னா உயிராச்சே, ஜன்னல் காத்து வரும்னு. என்ன, எவனாவது டாக்டர் முறைச்சானா?"

"இல்லக்கா."

"அப்ப போ. என் முட்டிக்கு மாடி ஏறவும் முடியாது, உன் ரகசியம் கேட்டுக்கிட்டு நிக்கவும் முடியாது."

ஏப்ரல் 8, செவ்வாய்

முகமூடி, தொப்பி, பச்சை அங்கி. என் கண் மட்டும்தான் வெளியே. அவள் மயக்கத்தில் இருந்தாள். தலையணை உறை மாற்றினேன். மெலிந்திருக்கிறாள். முதல் ஆபரேஷன் தழும்பு கட்டுக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

ஏப்ரல் 9, புதன்

அவள் அம்மா என்னிடம் பேசினார். என்னை யாரென்று தெரியாது. "பாவம், சின்னப் பொண்ணா இருக்க, இவ வயசுதான் இருக்கும். இவளும் ஓடியாடிட்டு இருந்தவதான்மா. கூட ஆடின ஒருத்தி வந்து விழுந்து…" என்று ஆரம்பித்தார். "அம்மா, போதும்" என்றாள் கேப்டன், கண்ணைத் திறக்காமலே.

நான் விரிப்பின் நான்கு மூலையையும் செருகிவிட்டு வந்தேன். ஒரு மூலை சரியாகவே இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அவள் அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் குனிந்து விரிப்பு இழுத்துக்கொண்டிருந்தேன்.

"தென்மேற்கு, அந்தத் தலையணையைக் கொஞ்சம் மேல தூக்கு."

அப்படியே நின்றுவிட்டேன்.

"முகமூடி போட்டா தெரியாதா? நாலு நாளா ஒருத்தி தொண்டையைக்கூடச் செருமாம வந்து போறான்னா அது ஊர்ல வேற யாருடி?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மயக்கம் தெளிஞ்ச அன்னைக்கே. நீயா பேசுவேன்னு பார்த்தேன். அப்புறம் தோணுச்சு, நீ பேசறதுக்குக் காத்திருந்தா எனக்கு நரைச்சுடும்."

இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "மன்னிச்சுடு. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்துக்கொண்டிருந்தவள் முகம் மாறிவிட்டது.

"நான் கூப்பிடல."

"என்ன?"

"கூப்பிடலடி. எனக்குத் தொண்டையே இல்ல அன்னைக்கு. முந்தின நாள் மேட்ச்லயே போயிடுச்சு. காய்ச்சல் வேற. அம்மா போகாதேன்னாங்க. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்க வர்றாங்களேன்னு மிஸ்கிட்டயும் மறைச்சேன். காலையிலேர்ந்து சைகையிலயே ஓட்டிட்டு இருந்தேன், ஞாபகம் இல்ல? நீங்கள்லாம் ஏதோ ஸ்டைலுன்னு நினைச்சீங்க. பந்து வந்தப்ப வாயைத் திறந்தேன். வெறும் காத்து. நின்னிருக்கணும். நம்ம கணக்குப்படி அது உன் பந்து. நிக்கல."

"எச்.எம். கிட்ட…"

"போகாதேன்ன அம்மா பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாங்க, என் தப்புன்னு சொல்ல முடியல. கூப்பிட்டேன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் அதை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியல."

தலையணையை மேலே தூக்கி வைத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

ரெண்டு வருஷம்.

ரெண்டு வருஷமா என் காதையே நம்பாம இருந்தேனே! அக்காவைப் பின்னாடி நிக்க வெச்சு மெதுவா கூப்பிடச் சொல்லுவேன், கேட்குதான்னு பார்க்க. "உனக்கு என்னடி வியாதி"ன்னு கேட்பாங்க. முதல் மாடியில காது டாக்டர் அறை வாசல்ல ஒரு நாள் அரை மணி நேரம் நின்னிருக்கேன். உள்ள போய் என்ன சொல்றது? ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள் குரல் மட்டும் கேட்கல டாக்டர்னா?

மிஸ் என்ன பாவம் பண்ணாங்க? பஸ் கிடைக்காம லேட்டா வந்தாங்க, அதுவா? நாங்க ஜெயிச்சா எங்களைவிட உயரமா குதிப்பாங்களே—

அவளுக்குக் கால் போச்சு, ஹாஸ்டல் போச்சு, எல்லாம் சரி. அதுக்காக என் பரீட்சை?

இல்லை. பரீட்சையை விட்டது நான். அவள் விடச் சொல்லவில்லை.

ஆனா அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன்ல?

ஏப்ரல் 13, ஞாயிறு

கோபம் வந்தால் எனக்கு நன்றாகப் பசிக்கிறது. இது இவ்வளவு நாள் தெரியாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டு நாளாக இரண்டாவது மாடிக்கு நான் போகவில்லை. மாடிப்படியில் கால் சுளுக்கிவிட்டது என்று அக்காவிடம் பொய் சொன்னேன். இன்று அக்கா மேலேயிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து வண்டியை என் பக்கம் தள்ளினார்.

"பதினாலாம் நம்பர் மகாராணிக்கு நீ வந்தாத்தான் விரிப்பு மாத்தணுமாம். ரெண்டு நாளா அழுக்கு விரிப்புல கெடக்குறா. நர்ஸ் என்னைப் பிடிச்சுக் கத்துறாங்க. உங்க சண்டையில என் முட்டியை ஏன்டி இழுக்குறீங்க?"

போனேன். அவள் எழுந்து கைத்தடிகளை ஊன்றி ஜன்னலோரம் நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"ம்."

"நல்லா வலிக்கட்டும்."

நானா சொன்னேன்? என் வாயிலிருந்துதான் வந்தது. அதுவும் சத்தமாக. எதிர்ப் படுக்கைப் பாட்டிகூடத் திரும்பிப் பார்த்தார். கேப்டன் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தடி நழுவப் பார்த்தது, பிடித்துக்கொண்டேன்.

"என்ன வேணும்னாலும் பண்றேன்டி."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். மிஸ்கிட்ட சொல்லு."

"சொல்றேன். மேட்ச் அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது சொல்றேன். நீ பக்கத்துல நிப்பியா?"

விரிப்பை மாற்றினேன். மூலைகள் இந்தத் தடவை சரியாக வந்தன.

ஏப்ரல் 17, வியாழன்

பதினான்காம் படுக்கை காலி. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு யாரோ வரப்போகிறார்கள்.

மே 9, வெள்ளி

நெட்டை கடையிலிருந்து ஒரு ஜோடி ஷூ எடுத்துவந்து கொடுத்தாள். போட்டுப் பார்க்க வைத்திருப்பதாம், நாளைக்கு மட்டும், ஞாயிறு காலை திருப்பித் தர வேண்டுமாம். "சேறு பட்டுச்சு, நம்ம ரெண்டு பேரையும் அட்டைப் பெட்டியில போட்டு அடுக்கிடுவாங்க."

நான் வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஷூவை வாங்கிக்கொண்டேன்.

மே 10, சனி

மிஸ் கண்ணாடி மாற்றியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. "நீ சாப்பிட்டியா?" என்றார். நான் தலையாட்டினேன். அதற்குள் கேப்டன் தடிகளை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லோரும் சுற்றி நின்றோம். அவள் சொன்னாள். தொண்டை போனது, மறைத்தது, எச்.எம்.மிடம் சொன்ன பொய். என்னிடம் சொன்னதைவிட மெதுவாக, ஒன்றையும் விடாமல்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேப்டனிடம் கேட்டார்:

"காய்ச்சல் எவ்வளவு இருந்துச்சு அன்னைக்கு?"

"நூத்தி ரெண்டு மிஸ்."

"நூத்தி ரெண்டு. அதோட மூணு செட் ஆடியிருக்க. நான் பக்கத்துல நின்னுட்டு நெத்தியைத் தொட்டுக்கூடப் பார்க்கல." அவர் குரல் உடைந்துவிட்டது. கேப்டன் இதற்குத் தயாராக வரவில்லை என்று தெரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

என் பக்கம் திரும்பினார். "நீ 'தெரியல'ன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும், உனக்குக் கேட்கலன்னு. எனக்குத்தான் அதை எச்.எம். கிட்ட சொல்ல தைரியம் வரல. அவங்க குரல் உசந்தா எனக்கும் உன்னை மாதிரிதான், நாக்கு ஒட்டிக்கும்."

மிஸ்ஸுக்குமா?

பிறகு ஆட்டம். ஒரு செட் மட்டும் நின்றேன். நடுவில் ஒரு பந்து உயரமாக வந்தது. ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. ஐந்து பேரும் அப்படியே விலகி நின்றார்கள். கேப்டன் இடத்தில் ஆட வந்தவளும் சேர்ந்து. இரண்டு வருடம் கழித்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பந்து தெரியவில்லை. காலடியில் பொத்தென்று விழுந்தது.

"ஷூவைப் பார்த்துடி!" என்று நெட்டை அலறினாள். தோற்றோம். மோசமாகத் தோற்றோம்.

மே 11, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன், தோளுக்காக மட்டும் நான் வேலைக்கு வரவில்லை என்று. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெரியும். என் தோளைச் சாக்கு சொல்றியேன்னு அப்பவே வலிச்சுது. கேட்டா நீ இன்னும் உள்ள போயிடுவ. அதான் கேட்கல" என்றாள். ஈரக் கையோடு என் முடியை ஒதுக்கிவிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

திங்கட்கிழமைகளில் கேப்டன் முழங்கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். பன்னிரண்டரைக்கு முடியும். துணி அறைக்குப் பின்னால், அழுக்கு மூட்டைகள் ஏற்றும் மேடையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இப்போது ஒரு தடிதான். படிப்பு என்ன செய்வதென்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் பேசுவாள், நான் கேட்பேன். எனக்குள் இன்னும் முழுசாக ஆறவில்லை. சில திங்கட்கிழமைகளில் அவள் சிரிப்பைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அதை அவளிடமே சொன்னேன். "சரி, மெதுவா சிரிக்கிறேன்" என்றாள்.

இன்று தனித்தேர்வுப் படிவத்தை எடுத்துப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு. கடைசி நாள் இருபதாம் தேதி. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் நிரப்பிவிட்டேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன்: பள்ளியிலிருந்து நின்றதற்கான காரணம்.

கேப்டன் எட்டிப் பார்த்தாள். சாப்பிடுவதை நிறுத்தினாள். "என் பேரை எழுது" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பிறகு எழுதினேன்: "தாயாரின் உடல்நிலை."

அவள் படித்தாள். இரண்டு முறை படித்தாள். "இது முழுசா உண்மை இல்லையே" என்றாள்.

"தெரியும்" என்றேன். "அந்தத் தண்ணியை எடு."

எடுத்துக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டு, மை காய்வதற்காகப் படிவத்தை அவள் மடியில் வைத்தேன். காற்றில் பறக்காமல் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.